இரண்டு மணி வெயிலில் எடுத்த அளவு

மல்டிமீட்டரை எப்படிப் பிடிப்பது, எந்த முனையை எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஸ்டார்ட் ஆகாத வண்டிகளைப் பார்த்தே பிழைத்தவன் நான். சரியாகக் கண்டுபிடித்த கோளாறுகள் பெரும்பாலும் மறந்துவிட்டன. தவறாகச் சொன்ன ஒன்று மறக்கவில்லை. எலக்ட்ரீஷியன் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் உங்களை ஏமாற்றுவதாகும் என்று தோன்றியது. அதனால் அதையே எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு உங்களுக்கு உற்சாகம் வராது. மன்னியுங்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. செங்கல்பட்டில் ஒரு தனியார் வேன் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று ஒப்பந்தத்தில் வேன் ஓட்டும் கம்பெனி அது. அதுவரை பல்பு வைத்த டெஸ்டரும் கைப்பழக்கமும் வைத்துத்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் எண் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கினேன். ஒர்க்‌ஷாப்பில் வேறு யாரிடமும் அது கிடையாது. எல்லோரும் அதை ‘மெஷின்’ என்றார்கள். அது வந்த பிறகு என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லாமல் போனது. மெக்கானிக்குகள் வாதாடிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் போய் மீட்டரை வைத்து ஒரு எண்ணைச் சொன்னால், வாதம் அத்தோடு முடிந்துவிடும். அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் வேன்களில் ஒன்றை மாசிலாமணி என்பவர் ஓட்டினார். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அப்போது நீ, வா, போதான். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டிக் கடலோரமாக ஒரு காலனியில் வீடு. அப்பா, அம்மா இருவரும் பிறத்தியார் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அந்தத் தெருவிலேயே முதன்முதலில் லைசென்ஸ் எடுத்தவர் இவர்தான். பக்கத்தில் உள்ள அரசு ஊழியர் குடியிருப்பிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் விடுவது அவர் வேலை. காலையில் அங்கிருந்தே கிளம்ப வேண்டும் என்பதால் வேன் அவர் வீட்டருகிலேயே நிற்கும். பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால் சீட்டையெல்லாம் துடைத்து வைப்பார். எல்லாப் பெண் பிள்ளைகளும் அவருக்குப் பாப்பாதான், பிளஸ் டூ படிக்கிற பெண் உட்பட.

அந்த வருடம் பொங்கல் முடிந்ததிலிருந்து வேன் சில திங்கட்கிழமைகளில் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். மற்ற நாட்களில் ஒரு தொந்தரவும் கிடையாது. தெருவில் உள்ளவர்கள் நாலு பேர் சேர்ந்து மணலிலிருந்து தார் ரோடு வரை தள்ளிக் கொடுத்தால் கிளம்பிவிடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். பேட்டரியை சார்ஜ் செய்து கொடுத்தேன். மறுபடி வந்தார். பேட்டரியையே மாற்றிக் கொடுத்தேன். இரண்டு வாரம் சரியாக இருந்தது. மூன்றாவது திங்கட்கிழமை பிளஸ் டூ பொதுத்தேர்வு.

அன்று காலை வேன் அசையவில்லை. தெருவில் ஆண்கள் யாரும் இல்லை. சவுக்கு வெட்ட லாரியில் விடியுமுன்பே போய்விட்டிருந்தார்கள். மாசிலாமணியும் அவர் மனைவியும் இரண்டு கிழவர்களும் தள்ளினார்கள். சக்கரம் மணலில் புதைந்துகொண்டது. ஓடிப்போய் எங்கிருந்தோ ஒரு டிராக்டரைப் பிடித்து வந்து இழுத்துக் கிளப்பி, அவர் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். கையில் போன் வைத்திருந்த காலம் அல்ல அது. பெரும்பாலான பெற்றோர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளை ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் நிறுத்தத்திலேயே நின்றிருக்கிறாள். அவள் அப்பா இரவு ஷிப்ட் முடிந்து இன்னும் வீடு திரும்பவில்லை. அம்மா இல்லை. டிரைவர் அண்ணன் வந்துவிடுவார் என்று நின்றிருக்கிறாள். மாசிலாமணி அவளை ஏற்றிக்கொண்டு வேனை எப்படி ஓட்டினார் என்று தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலில் போய் நின்றபோது, உள்ளே விடும் நேரம் கடந்து ஆறு நிமிடம் ஆகியிருந்தது. விடவில்லை.

மதியம் பன்னிரண்டுக்கெல்லாம் பெற்றோர்கள் மேலாளர் அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். வேறு கம்பெனிக்கு மாறிவிடுவோம், போலீசில் எழுதிக் கொடுப்போம் என்று பேச்சு. அந்தப் பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார். ஷிப்டுக்குப் போன சட்டையோடே இருந்தார். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டியில் கோளாறா, ஆள் மேல் தப்பா, இரண்டில் ஒன்று மாலைக்குள் எழுத்தில் வேண்டும் என்றார். வண்டியில் கோளாறு என்றால் கோளாறான வண்டியில் பிள்ளைகளை ஏற்றிய பழி கம்பெனி மேல் விழும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டு மணிக்கு வேனை வெளியே வெயிலில் நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். பேட்டரி புதிது, நல்ல நிலை. என்ஜின் ஓடும்போது சார்ஜ் சரியாக ஏறியது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நிற்கிற வண்டியில் மின்சாரம் எங்காவது கசிகிறதா என்று மீட்டரைக் கோர்த்துப் பார்த்தேன். 0.02 ஆம்பியர். கடிகாரம் ஓடுவதற்கு வேண்டிய அளவு. அதாவது கசிவே இல்லை. ஒருமுறைக்கு மூன்றுமுறை பார்த்தேன். அதே 0.02.

எல்லாவற்றையும் அணைக்கும்போதே டாஷ்போர்டில் ஒன்றைக் கவனித்திருந்தேன். விளக்கு சுவிட்ச் பழைய மாதிரி, இழுத்தால் எரியும், தள்ளினால் அணையும். அது பாதி இழுத்தபடி நின்றது. அதைத் தள்ளிவிட்டுத்தான் அளவெடுத்தேன்.

மாசிலாமணியைக் கேட்டேன். காலையில் கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இழுத்ததாகவும், அவசரத்தில் திரும்பத் தள்ள மறந்திருக்கலாம் என்றும் சொன்னார். சனிக்கிழமை இரவே இழுத்தபடி விட்டுவிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“எங்க வூட்டாண்ட நிக்க சொல்லோ தான் சார் இப்டி ஆவுது. நாயித்துக்கெழம வந்து தங்கிக்கினு, திங்கக்கெழம காத்தால, வெயிலு வர்றதுக்கு முன்ன ஒரு தபா பாருங்க சார். ஒரே ஒரு தபா.”

“மெஷின் பொய் சொல்லாது மாசிலாமணி” என்றேன்.

இரண்டு பஸ் மாற வேண்டும், மாலைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் காரணம். ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று மேலாளரிடம் கேட்டிருக்கலாம். கத்தியிருப்பார், ஆனால் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. அந்தத் தெருவுக்குப் போய், அவர் வீட்டில் இரவு தங்கி, அங்கே ஒரு வாய் சாப்பிட வேண்டியிருக்கும் என்பது என் மனதில் ஓடியது. அந்தத் தயக்கத்துக்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் அப்போதே தெரியும். தூரம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

காகிதத்தில் எழுதினேன்: மின்சுற்றில் கசிவு இல்லை, பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நல்ல நிலையில் உள்ளன, விளக்கு சுவிட்ச் அணைக்கப்படாமல் விடப்பட்டதே காரணம். கீழே கையெழுத்து. மேலாளர் அதைப் பெற்றோர்கள் முன்னால் சத்தமாகப் படித்தார். மாசிலாமணி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் அப்பா எழுந்து அவரிடம் போனார்.

“லைட்ட அணைக்காம போயிட்டியாப்பா?”

மாசிலாமணி என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் காகிதத்தைப் பார்த்தார்.

“தெர்ல சார்” என்றார்.

எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒப்புக்கொண்டுவிட்டான் என்றார் மேலாளர். அந்த அப்பா திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. வருடம் பூராவும் விடியற்காலையில் எழுந்து படித்தாள் என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு வெளியே போனார். அன்று மாலையே மாசிலாமணியிடம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். குடித்துவிட்டு லைட்டைப் போட்டுவிட்டுத் தூங்கினவன், பரீட்சைக்குப் போன பெண்ணைக் கெடுத்தவன் என்று ஒரு வாரத்துக்குள் செங்கல்பட்டு வரை கதை வந்துவிட்டது. அவர் குடிக்க மாட்டார். ஆனால் யாரும் வண்டி கொடுக்கவில்லை. சவுக்கு வெட்டப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அவருக்குப் பதிலாக சேகர் என்கிற டிரைவர் வந்தார். ஊரப்பாக்கத்துக்காரர். வேறு வழித்தடம் கொடுத்ததால் வேனும் ஊரப்பாக்கத்திலேயே நின்றது. அதன்பிறகு ஒரு திங்கட்கிழமைகூட அது மக்கர் செய்யவில்லை. ஒரு மாதம், ஆறு மாதம், ஒன்றரை வருடம். வண்டி அதே வண்டி, பேட்டரி அதே பேட்டரி, டிரைவர் மட்டும் வேறு. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இந்தக் கதையை நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆள் மேல் தப்பு இருந்தால் வண்டியைப் பிரிக்காதே, மீட்டரை நம்பு என்று முடிப்பேன். அவர்களில் சிலர் இப்போது உங்களுக்கு மேலே இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் கதையைச் சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு அந்த வேனைக் கோவளத்தில் ஒரு ஓட்டல் ஒப்பந்தத்துக்கு அனுப்பினார்கள். ஓட்டல் ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை. சேகர் அங்கேயே அறை எடுத்துத் தங்கினார். ஞாயிறு விடுமுறை. வேன் கடற்கரையைப் பார்த்தபடி நிற்கும். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை ஓட்டலிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தார்.

“சாவி போட்டா முனகுது சார். நான் லைட்ட வுடல சார், சத்தியமா.”

போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேட்டரியை சார்ஜ் செய்து ஓட்டச் சொன்னேன். அந்த வார ஞாயிறு மாலையே கிளம்பி மாமல்லபுரத்தில் சித்தப்பா மகன் வீட்டில் தங்கி, விடிவதற்கு முன் முதல் பஸ்ஸில் கோவளம் போனேன். கவனித்துக்கொள்ளுங்கள். சேகர் சொன்னதும் பஸ் ஏறினேன். மாசிலாமணி கேட்டபோது ஏறவில்லை.

நான் போனபோது மணி ஆறுகூட ஆகவில்லை. வேன் முழுவதும் பனி. கண்ணாடியில் கைவைத்தால் பிசுபிசுத்தது, நாக்கில் வைத்தால் உப்பு. கதவை மெல்லத் திறந்து, எதையும் தொடாமல் மீட்டரைக் கோர்த்தேன். 2.8 ஆம்பியர். சேகர் கொடுத்த சாவி என் பையில் இருந்தது. விளக்கு அணைந்திருந்தது. நிற்கிற வண்டியிலிருந்து பேட்டரி ஒழுகிக்கொண்டிருந்தது.

ஃப்யூஸ் பெட்டிக்குப் பின்னால் இருந்தது கோளாறு. முன்கண்ணாடி ரப்பர் வழியாக ஈரம் இறங்கி, அங்கே ஒரு இணைப்பின் பித்தளை முட்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. எப்போதும் கரண்ட் இருக்கும் முள்ளும், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரவேண்டிய முள்ளும் அதில் பக்கத்தில் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே உப்பு. இரவில் கடற்காற்று பட்டு உப்பு நனைந்தால் பாலம் போட்டுவிடும். பகலில் காய்ந்தால் பாலம் இல்லை. தினமும் ஓடினால் சார்ஜ் ஏறி அது வெளியே தெரியாது. சனி இரவிலிருந்து திங்கள் காலை வரை நின்றால் பேட்டரி காலி. ஊரப்பாக்கத்தில் கடற்காற்று இல்லை, அதனால் கோளாறும் இல்லை.

உடனே அதைப் பிரித்துச் சுத்தம் செய்திருக்கலாம். செய்யவில்லை. மீட்டரைக் கழற்றாமல் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் வந்தது. ஏழரைக்கு 2.1. எட்டேகாலுக்கு 0.9. சேகர் டீ வாங்கி வந்து கொடுத்தார், குடித்தேனா என்று ஞாபகம் இல்லை. ஒன்பது மணிக்கு 0.3. பத்து மணி ஆவதற்குள் எண் 0.02-ல் வந்து நின்றது. மாசிலாமணிக்கு எதிராக என் கையால் எழுதிக் கொடுத்த அதே எண். மெஷின் அன்றும் பொய் சொல்லவில்லை. கேட்ட நேரத்துக்கு அது சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. கேட்கக்கூடாத நேரத்தில் கேட்டுவிட்டு, நான் கேட்காத கேள்விக்கும் அது பதில் சொன்னதாக எழுதியது நான்தான்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். நீங்கள் பார்த்த எண்ணை எழுதுங்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். யார் தப்பு என்று எழுதச் சொன்னால் அது என் வேலை இல்லை என்று சொல்லுங்கள். அன்று சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்காது. கொஞ்சம் திட்டு விழுந்திருக்கும். ஒரு திட்டுக்குப் பயந்து நான் செய்தது இது.

செங்கல்பட்டு திரும்பியதும் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். கோளாறைச் சரிசெய்துவிட்டேனா என்று கேட்டார். செய்துவிட்டேன் என்றேன். அப்புறம் என்ன என்றார். மாசிலாமணியைத் திரும்பக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் மேல் தப்பில்லை என்று கம்பெனி சார்பில் ஒரு கடிதமாவது கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். ஆறிப்போனதைக் கிளறினால் அந்தப் பெற்றோர்கள் திரும்ப வருவார்கள், அந்தக் காகிதத்தில் கையெழுத்து உன்னுடையது என்று ஞாபகப்படுத்தினார். அது உண்மைதான். அதனால் கடிதத்தை நானே என் பெயரில் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு சதுரங்கப்பட்டினம் போய் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தேன். தார் ரோட்டிலிருந்து அந்தத் தெரு நடக்கிற தூரம்தான். வீட்டு முன்னால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் மாசிலாமணி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இளைத்திருந்தார். உள்ளங்கையெல்லாம் அரிவாள் பிடித்த காய்ப்பு. அன்றுதான் முதன்முறையாக அவரை ‘நீங்க’ என்றேன். கோவளத்தில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“அப்ப நான் லைட்ட வுடல” என்றார்.

“இல்ல. நீங்க விடல.”

கீழே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ரெண்டு வருசமா நான்தான் வுட்டுட்டேன்னு நெனச்சிகினு கீறேன் சார். மெஷினு சொல்லிச்சுன்னீங்களே. அந்த சனிக்கெழம வண்டிய நிறுத்துனது நெனப்பு கீது. சாவிய எடுத்தது, கதவ சாத்துனது எல்லாம் நெனப்பு கீது. அந்த சுவிச்சு மட்டும் வர்ல. தெனம் படுக்க சொல்லோ யோசிப்பேன். கை அத்தத் தொட்டுச்சா, தொடலியா. ஒரு நாளைக்கு தொட்டா மாரி கீது, ஒரு நாளைக்கு தொடல. அந்தப் பாப்பா கேட்டாண்ட நின்னு அழுதது மட்டும் அப்டியே கீது.”

வேலை போன கஷ்டத்தைக் கேட்கத் தயாராக வந்திருந்தேன். இதைக் கேட்க நான் தயாராக இல்லை. அவர் என்னை வெறுத்துக்கொண்டிருப்பார், நாம் மன்னிப்புக் கேட்போம் என்று நினைத்திருந்தேன். அவர் என்னை நம்பியிருக்கிறார். நான் எழுதியதை நம்பி, செய்யாத ஒன்றைச் செய்துவிட்டதாக ஒவ்வொரு இரவும் தன்னையே விசாரித்திருக்கிறார்.

உள்ளேயிருந்து மனைவி எஸ்தரைக் கூப்பிட்டார். இவளிடம் ஒருமுறை சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நானும் இவரைக் கேட்டிருக்கிறேன், அன்று லைட்டை விட்டாயா என்று எத்தனையோ தடவை கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன் என்றார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார்.

“அன்னிக்கே இங்க வந்து பாத்திருந்தீங்கனா தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும்மா.”

அவர் உள்ளே போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் மாமல்லபுரத்தில் வேன் வைத்திருக்கிறார், கடிதத்தோடு நானே அழைத்துப் போகிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்று மாசிலாமணியிடம் சொன்னேன். லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை என்றார். அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். தலையை ஆட்டினார். இனி வண்டி வேண்டாம், பிள்ளைகள் ஏறுகிற வண்டி வேண்டவே வேண்டாம் என்றார். பஸ்ஸில் ஏறினால்கூட டிரைவர் விளக்கை அணைத்தாரா என்றுதான் கண் போகிறதாம். கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அதை யாரிடம் காட்டுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கிளம்பும்போதுதான் ஒன்று கேட்டார்.

“அந்தப் பாப்பாவோட அப்பாகிட்ட மட்டும் சொல்லிடுங்க சார். அவுரு என்ன ஒரு வார்த்த திட்டல.”

சொல்கிறேன், சொல்லிவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

மறுவாரம் அந்தக் குடியிருப்புக்குப் போனேன். வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. அவருக்கு வடக்கே எங்கோ மாற்றலாகி எட்டு மாதம் ஆகிறது என்றார்கள். எந்த ஊர் என்று பக்கத்து வீட்டில் இருவர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். அந்தப் பெண் விட்ட பரீட்சையைப் பிறகு எழுதினாள், ஆனால் நினைத்த படிப்பு கிடைக்கவில்லை, ஒரு வருடம் வீட்டிலேயே இருந்தாள் என்று ஒரு அம்மா சொன்னார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் விலாசம் கொடுக்க முடியாது என்றார்கள். அவர்கள் மூலமாக அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் பார்த்தேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் இல்லை.

அத்தனை மாதமும் சதுரங்கப்பட்டினம் பக்கம் நான் போகவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, நடந்ததை அப்படியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பஸ் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்கியபோது நிறுத்தத்திலேயே நின்றிருந்தார் மாசிலாமணி. ஞாயிறுதானே நான் வருவேன் என்று கோயிலில் ஆராதனை முடிந்ததும் அங்கே வந்து நிற்பாராம். எல்லா வாரமும் நின்றிருக்கிறார்.

“பாத்தீங்களா சார்?”

“பாத்தேன்.”

அந்தச் சொல் எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

“இன்னா சொன்னாரு?”

“உங்க மேல தப்பு இருக்காதுன்னு அப்பவே தோணுச்சுன்னு சொன்னார். உங்கள விசாரிச்சதா சொல்லச் சொன்னார்.”

“பாப்பா?”

“காலேஜ் படிக்குது. நல்லா படிக்குதாம்.”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ரோட்டோரம் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. பிறகு என் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போனார். தெரு முழுக்கப் பிடித்த கையை விடவில்லை. வாசலில் நின்று எஸ்தரைக் கூப்பிட்டு, அந்த அப்பா சொன்னதை இவளிடமும் சொல்லுங்கள் சார் என்றார்.

அந்த அம்மா வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலிலிருந்து சொன்னேன். ஒரு சொல்கூட மாற்றவில்லை.